மலைமேல் ஒரு கோல்ஃப் மைதானத்தைத் திருத்துவது எப்படி?

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிவிட்டுத் தூண்பாறைப் பக்கம் போகிறவர்கள், வழியில் மேடும் பள்ளமுமாக விரிந்து கிடக்கும் புல்வெளி ஒன்றைப் பார்த்திருப்பார்கள். காட்டுமாடுகள் மேய்ந்துகொண்டிருந்தால் வண்டியை நிறுத்திப் படமும் எடுத்திருப்பார்கள். 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பின் 18 குழி மைதானம் அது. கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கும் மேலே, நூறு வயது கடந்த இப்படியொரு மைதானத்தின் குழிகளைத் திருத்தி அமைப்பதென்றால் என்ன வேலையெல்லாம் நடக்கும்? மண், தண்ணீர், புல் மூன்றையும் தெரிந்தவர்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

பந்து விழும் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். 1891இலேயே நிர்ணயமாகிவிட்ட இந்த அளவு இன்றுவரை மாறவில்லை. ஆனால் ஆட்டக்காரர்கள் ‘ஒரு ஹோல்’ என்று சொல்வது, பந்தை முதலில் அடிக்கும் ‘டீ’ மேடையிலிருந்து அந்தக் குழி இருக்கும் ‘கிரீன்’ வரை நீளும் மொத்த நிலத்தை. நடுவில் வெட்டிவிட்ட புல் பாதை ‘ஃபேர்வே’. இரு பக்கமும் வளர்ந்து நிற்கும் புல் ‘ரஃப்’. மணல் நிரப்பிய பள்ளம் ‘பங்கர்’. திருத்தம் இவற்றில் எதில் வேண்டுமானாலும் நடக்கலாம்.

பழைய மைதானங்களைத் திருத்த வேண்டிய அவசியம் பந்தால் வந்தது. கொடைக்கானல் கிளப் தொடங்கிய காலத்தில் பந்துகள் மலாயாக் காடுகளில் கிடைத்த ‘கட்டா பெர்ச்சா’ என்ற மரப்பாலில் செய்யப்பட்டன. நன்றாக அடிப்பவருக்கே 200 கஜம் போனால் பெரிது. மூன்றே ஆண்டுகளில், 1898இல், அமெரிக்காவில் கோபர்ன் ஹாஸ்கல் ரப்பர் நூல் சுற்றிய பந்தை உருவாக்கினார். அதிலிருந்து பந்து போகும் தூரம் கூடிக்கொண்டேதான் வந்திருக்கிறது. இன்றைய தொழில்முறை ஆட்டக்காரர்கள் 300 கஜத்தைச் சாதாரணமாகத் தொடுகிறார்கள். இது போதாதென்று மலைக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தடை குறைவதால் பந்து நூற்றுக்கு ஏழெட்டு பங்கு கூடுதலாகப் போகும். சென்னையில் 250 கஜம் அடிப்பவர் கொடைக்கானலில் 270 கஜம் அடிப்பார். கட்டா பெர்ச்சா காலத்துக் கணக்கில் தோண்டிய பங்கரின் தலைக்குமேல் பந்து பறந்துவிடும். பங்கர் சும்மா கிடக்கும்.

உடனே எல்லோருக்கும் தோன்றுவது, டீயைப் பின்னால் தள்ளி ஹோலை நீட்டிவிடலாம் என்பது. சமவெளியில் அது நடக்கலாம். மலையில் பின்னால் தள்ளினால் அங்கே சரிவு இருக்கும், மரம் இருக்கும், ஓடை இருக்கும். ஆகவே நீளத்தை விட்டுவிட்டுக் கோணத்தை மாற்றுவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. டீயைப் பத்து கஜம் பக்கவாட்டில் நகர்த்தினாலே, நேராக அடித்தவர் வளைத்து அடிக்க வேண்டியிருக்கும். ஃபேர்வேயின் புல்லை வெட்டும் எல்லையை மாற்றினாலும் அதே பலன் கிடைக்கும். இதற்குப் புல்வெட்டும் இயந்திரத்தின் தடத்தை மாற்றினால் போதும், மண்வெட்டிகூடத் தேவையில்லை. பங்கர்களிலும் மலைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. செங்குத்தான விளிம்பு வைத்த பங்கரின் மணலை ஒரே மழை அடித்துக்கொண்டு போய்விடும். மணலை அள்ளிவிட்டு அதைப் புல் பள்ளமாக விட்டுவிட்டால், பந்தை எடுப்பதும் கடினமாகத்தான் இருக்கும், மழைக்குப்பின் மராமத்தும் மிச்சம்.

இதையெல்லாம்விடச் சின்ன மாற்றம் ஒன்று, பராமரிப்புள்ள எந்த மைதானத்திலும் அடிக்கடி நடக்கிறது. காலையில் ஊழியர் ஒருவர் உருளை வடிவ வெட்டும் கருவியைக் கிரீனில் ஊன்றி, இடமும் வலமும் திருகி அழுத்துவார். புல்லும் வேரும் மண்ணுமாக ஒரு கட்டி அப்படியே மேலே வரும். அதைக் கொண்டுபோய் நேற்றைய குழியில் இறக்கி, மட்டம் பார்த்து அழுத்தி, தண்ணீர் தெளிப்பார். புதுக் குழிக்குள் வைக்கும் கிண்ணம் மேல்மட்டத்துக்கு ஓர் அங்குலமாவது கீழே நிற்க வேண்டும். கிரீனின் விளிம்பிலிருந்து குறைந்தது நாலு எட்டாவது உள்ளே தள்ளி வெட்டுவது வழக்கம். அந்த இடத்தில் சரிவு நூற்றுக்கு மூன்றைத் தாண்டினால் பந்து குழி அருகே நிற்காமல் உருண்டு ஓடும். பழைய மலைக் கிரீன்கள் பலவற்றில் குழி வெட்டத் தகுந்த மட்டமான இடம் கொஞ்சம்தான் இருக்கும். அங்கேயே திரும்பத் திரும்ப வெட்டி, நடந்து, புல் தேய்ந்துவிடும். அப்போதுதான் கிரீனையே பெயர்த்துக் கட்டும் பேச்சு எழும்.

இருப்பதிலேயே பெரிய வேலை அதுதான். உலகெங்கும் பின்பற்றப்படும் முறையை அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வகுத்தது. அடியில் வடிகுழாய்கள், அதன்மேல் 100 மில்லிமீட்டர் சரளை, அதற்கும் மேல் 300 மில்லிமீட்டர் மணல் கலவை. புல் வேரூன்றுவது மணலில். பார்த்தால் தண்ணீர் தங்காமல் ஓடிவிடும் போலத் தோன்றும். உண்மையில், நுண்மணலின் இடுக்குகள் நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்; பெரிய இடைவெளிகள் உள்ள சரளைக்குள் அது எளிதில் இறங்காது. மணல் அடுக்கின் அடிப்பகுதி நிறைந்து, மேலிருக்கும் நீரின் எடை அழுத்திய பிறகே மிச்சம் கீழே வடியும். வேருக்கு ஈரமும் கிடைக்கிறது, பெருமழையில் வெள்ளமும் தேங்குவதில்லை. சரளையும் மணலும் வெறும் இரண்டு பொருள்தான்; ஆனால் அவற்றின் துகள் அளவு பொருந்தாவிட்டால் மொத்தச் செலவும் வீண்.

மலைச்சரிவில் இதற்கு முன்பே ஒன்றைச் செய்தாக வேண்டும். கிரீனுக்கு மட்டம் எடுக்க, மேட்டுப்பக்கத்தை வெட்டிப் பள்ளப்பக்கத்தில் கொட்டுவார்கள். கொட்டிய மண் மெல்ல அமுங்கும். வெட்டிய பக்கத்தில் ஊற்று கசியும். அந்த நீரைக் கிரீனுக்குள் வரவிடாமல் மேலேயே மறித்துத் திருப்பும் வாய்க்கால் இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல மணல் போட்டாலும் கிரீன் ஊறிப்போகும். ஊறிய கிரீனில் ஓர் இரவு காட்டுமாடு நடந்தால் போதும். வளர்ந்த கடா ஆயிரம் கிலோ வரை இருக்கும். குளம்பு ஆழப் பதியும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு அது. வேலியால் அதன் வழியை மறிப்பதைவிட, அது தண்ணீருக்குப் போகும் தடத்தை முதலில் பார்த்துவிட்டுக் கிரீனுக்கு இடம் தேடுவதே முறை.

புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் வந்து பழைய மைதானங்களை மாற்றியமைத்தது நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. டெல்லி கோல்ஃப் கிளப்பை 1970களில் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சனும், அண்மையில் தென்னாப்பிரிக்காவின் கேரி பிளேயரும் திருத்தினார்கள். அங்கே இருப்பது டெல்லியின் சமவெளி மண். அந்த வரைபடத்தைக் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைக்கு எடுத்து வர முடியாது.

ஏனென்றால் இங்கே சோலையும் புல்வெளியும் சேர்ந்துதான் மழையைப் பிடித்து வைத்துக் கீழே விடுகின்றன. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு, 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலையின் இயற்கைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. சீகை, பைன், யூகலிப்டஸ் தோட்டங்களும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. எஞ்சியிருக்கும் ஒவ்வொரு ஏக்கரும் முக்கியம். மைதானத்தில் கிரீனும் டீயும் ஃபேர்வேயும் போக மீதி நிலம் ஏராளம். அங்கே பரவிவரும் சீகைக் கன்றுகளைப் பிடுங்கிவிட்டு, மலையின் சொந்தப் புல்லையே ரஃபாக வளரவிட்டால், ஆட்டமும் கடினமாகும், ஊற்றும் பிழைக்கும்.

எந்த மலை மைதானத்தைத் திருத்த நினைப்பவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: வரைபடம் போடும் முன், ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு முறை மைதானம் முழுக்க நடந்து, தண்ணீர் எங்கே கசிகிறது, எங்கே ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பொக்லைன் இறங்கும் இடத்தில் குறிஞ்சிச் செடி இருக்கிறதா என்றும் பாருங்கள். 2018இல் பூத்த குறிஞ்சியின் விதையிலிருந்து முளைத்தவை 2030இல்தான் பூக்கும். அதற்குமுன் பெயர்த்துவிட்டால் அவை பூக்காமலே போய்விடும்.