குள்ள இறால் வளர்ப்பும் கோடைப் பாதுகாப்பும்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய பகுதிகளில் விளைநிலங்களிற் பெரும்பாலானவை மனைகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன என்பது யாவரும் அறிந்ததே. எஞ்சியுள்ள நிலச் சொந்தக்காரர்களிற் பலர் வீட்டுப் புறக்கடையிலேயே செய்யத்தக்க உபதொழில் ஒன்றை நாடுகின்றனர். அண்மையிலுள்ள கொளத்தூர் வண்ண மீன் வியாபாரத்திற்குப் பேர்பெற்ற இடம். அழகுக்காக வளர்க்கப்படும் குள்ள இறாலும் அங்கே விலையாகிறது. இதனைப் பெருக்குவது கடினமன்று. ஆனால் கார்த்திகையிற் பெருகியது சித்திரையில் மாண்டுபோனால் போட்ட முதலும் போய்விடும். அந்நஷ்டத்தைத் தவிர்க்கும் முறை கீழே விவரிக்கப்படுகிறது.

இறாலின் இயல்பு

செர்ரி இறால் எனப்படும் இச்சிவப்பு இறாலின் பூர்வீகம் சீனம், தைவான் முதலிய நாடுகளாம். இயற்கையில் பழுப்பு நிறமுள்ள இவ்வினத்தில், நல்லவற்றைப் பொறுக்கி வளர்த்ததனால் சிவப்பு நிறம் நிலைபெற்றது. வளர்ந்த இறால் சுமார் ஓர் அங்குல நீளமுள்ளது. ஆயுள் ஒன்று முதல் இரண்டு வருஷம்.

உணவுக்காக வளர்க்கப்படும் நன்னீர்ப் பெரிய இறாலின் இளங்குஞ்சுகளுக்கு உவர்நீர் இன்றியமையாதது. செர்ரி இறாலுக்கு அது வேண்டுவதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு தாயின் உருவத்தையே சிறு அளவிற் பெற்றிருக்கும். ஆகையால் வீட்டுத் தொட்டியிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருக்கலாம்.

பெண் இறால் ஆணைவிடப் பெரிது, நிறமும் அடர்ந்தது. அதன் தலைக்குப் பின்னால் சேணம்போல் மஞ்சள் நிறம் தோன்றினால் முட்டை முதிர்கிறதென்று அறியலாம். ஓடு உரித்தவுடன் ஆணுடன் கூடி, சுமார் 20 முதல் 30 முட்டைகளை வயிற்றுக் கால்களுக்கிடையே சுமக்கும். அவை ஏறக்குறைய 3 அல்லது 4 வாரங்களிற் பொரியும். குஞ்சுகள் சுமார் 3 மாதத்தில் தாமும் இனவிருத்திக்கு வரும். உரித்த ஓட்டை அகற்றலாகாது. இறால்கள் அதைத் தின்று சுண்ணாம்புச் சத்தைத் திரும்பப் பெறுகின்றன.

தொட்டியும் ஜலமும்

2 அடி நீளமும், 1 அடி அகலமும், 1 அடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி தொடக்கத்திற்குப் போதும். இதில் சுமார் 50 லிட்டர் ஜலம் கொள்ளும். காற்றுப் பம்பினால் இயங்கும் பஞ்சு வடிப்பான் ஒன்றும், கொஞ்சம் பாசியும் வைத்தல் வேண்டும். வேறு வகை வடிப்பான்கள் குஞ்சுகளை உள்ளே இழுத்துவிடக்கூடும். மீன்களைச் சேர்த்து விட்டால் குஞ்சுகள் தப்பா.

தொட்டியில் ஜலம் விட்டவுடன் இறாலை விடுவது பெரும் தவறாகும். கழிவிலிருந்து எழும் அம்மோனியா இறாலுக்கு நஞ்சு. வயலிலிட்ட எருவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களைப் போன்றவையே தொட்டியிலும் அந்நஞ்சை மாற்றுகின்றன. அவை பஞ்சிலும் மணலிலும் குடியேற 4 முதல் 6 வாரங்கள் செல்லும். அதுவரை பொறுத்தல் வேண்டும்.

குழாய் ஜலத்திலுள்ள குளோரின் நீங்க, அதனை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து உபயோகிக்கவும். வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு ஜலத்தை மட்டும் மெதுவாக மாற்றவும். வாதுமை மரத்தின் உலர்ந்த சருகும், வெந்த கீரையும் நல்ல தீனியாகும். மறுநாள் மிஞ்சியிருப்பதை எடுத்துவிடுக.

கோடையும் நஞ்சும்

24 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள உஷ்ணம் இனவிருத்திக்கு ஏற்றது. 32 டிகிரியை எட்டினால் இனவிருத்தி தடைப்படும். உஷ்ணம் ஏற ஏற ஜலத்திற் கரைந்துள்ள பிராணவாயுவும் குறையும். ஆகையால் பருவத்தையொட்டித் தொழிலை நடத்துவதே உசிதம். புரட்டாசியில் தொட்டியைத் தயார் செய்து, கார்த்திகைத் தொடக்கத்தில் 20 இறால்களை விடலாம். தையிற் பொரிந்த குஞ்சுகளைப் பங்குனி முடியுமுன் விற்றுவிட்டு, வித்துக்கு மட்டும் சிலவற்றை நிறுத்திக்கொள்ள வேண்டும். தொட்டியில் கூட்டம் குறைந்தால் பிராணவாயுத் தட்டுப்பாடும் குறையும். கோடையில் தொட்டியைத் தகரக் கூரையின் கீழ் வையாது, வெயில் படாத கீழ்த்தள அறையில் வைக்கவும். ஜலத்தின்மேல் மின்விசிறிக் காற்றுப் படச் செய்தால் ஆவியாவதனால் உஷ்ணம் சில டிகிரி தணியும். குறைந்த ஜலத்தை நாள்தோறும் சிறிது சிறிதாக ஈடு செய்க. ஐஸ் கட்டிகளைக் கொட்டுவது திடீர் மாறுதலை உண்டாக்கிக் கேடு விளைக்கும்.

பயிர்களுக்குத் தெளிக்கும் மயில்துத்தம், பூச்சிமருந்து ஆகியவை சொற்ப அளவிலேயே இறாலைக் கொல்லும். மருந்து தெளித்த கையைத் தொட்டியில் விடலாகாது. தெளித்த வயலை ஒட்டிய கிணற்று ஜலமும், மருந்தடித்த கீரையும், செப்புப் பாத்திரமும், அறையில் கொசு மருந்தும் விலக்கத்தக்கவை.

வித்துப் பொறுக்குதலும் எச்சரிக்கையும்

விதை நெல் வயலிற் கலவன் நீக்குவதுபோல, நிறம் மங்கியவற்றை அவ்வப்போது வேறு தொட்டிக்கு மாற்றுதல் வேண்டும். நீலம், மஞ்சள் முதலிய வேறு நிறங்களை ஒன்றாக விட்டால் சில தலைமுறைகளில் பழுப்பு நிறமே திரும்பிவிடும், விலையும் போகாது.

வேண்டாத இறாலையோ தொட்டி ஜலத்தையோ ஏரியிலும் கால்வாயிலும் கொட்டலாகாது. ஜெர்மனி, போலந்து முதலிய நாடுகளில் இவ்விறால் திறந்த நீர்நிலைகளிற் குடியேறிவிட்டது. செம்பரம்பாக்கம் ஏரி சென்னைக்குக் குடிநீர் தருவது. அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு ஏரிகளிலோ சுதேச உயிரினங்கள் வாழ்கின்றன. 2015-ஆம் வருஷ டிசம்பர் வெள்ளத்தை மறவாமல், தொட்டிகளை வெள்ளம் எட்டாத மேட்டில் அமைப்பது நன்று. கழிவு ஜலத்தைத் தென்னை, வாழைப் பாத்திகளுக்கு விடலாம், அது உரமுமாகும். கிராம நிர்வாக அலுவலர்கள் இதனைத் தத்தம் கிராமத்தாருக்கு எடுத்துச் சொல்லுதல் அவசியம்.

இத்தொழிலை மேற்கொள்ள விரும்புவோர் முதலில் ஒரே தொட்டியுடன் தொடங்கி, ஒரு கோடையைக் கடந்து வித்து இறால்களைக் காப்பாற்றிய பின்னரே, கொளத்தூர் வியாபாரிகளிடம் விலையை விசாரித்துக்கொண்டு, தொட்டிகளை அதிகப்படுத்துவார்களாக.