கண்ணில் அடி, தண்ணீரில் வைத்தியம்

தொட்டி மீனின் ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்தால் பலரும் முதலில் தேடுவது மருந்துப் போத்தலை. அதற்கு முன் தண்ணீரைக் கவனிக்க வேண்டும் என்பதே என் கட்சி. மன்னார்த் தண்ணீருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். மீனுக்குக் கண்ணிமை கிடையாது. கூரான கல், பிளாஸ்டிக் செடி, வலைக்கண்ணி, சண்டைக்கார ஓஸ்கார் மீனின் வாய் எது பட்டாலும் கருவிழியை மூடிய தெளிந்த படலத்தில்தான் கீறும். கண் பிதுங்கிய ரெலஸ்கோப் தங்கமீனுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நன்னீர் மீனின் இரத்தத்தில் லீற்றருக்கு ஏறக்குறைய 9 கிராம் உப்புக்குச் சமமான உப்புகள் உண்டு. சுற்றியுள்ள நீரிலோ பெயருக்குத்தான். ஆகவே கீறல் விழுந்த இடத்தால் தண்ணீர் உள்ளே ஏறுகிறது, படலம் ஊறி வீங்குகிறது. சீழ் என்று நாம் பயப்படுவது பெரும்பாலும் இந்த ஊறல்தான். பக்கவாட்டில் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒரு கண் மட்டும் மங்கியிருந்தால் அடிபட்டிருக்கலாம். இரண்டு கண்ணும் மங்கினால் தண்ணீரையோ உடலுக்குள் இருக்கும் நோயையோதான் சந்தேகிக்க வேண்டும்.

மன்னார்த் தீவின் கிணறுகளில் நாம் அள்ளுவது, மணலுக்குள் இறங்கிய மழைநீர் கடல்நீரின் மேல் மெல்லிய படையாக மிதப்பதைத்தான். அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறிவிடும். பெருநிலத்தில் முருங்கன் பக்கமோ சுண்ணக்கல் பூமி. நீர் கடினமானது, காரத்தன்மை கூடியது. கார நீரில் மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவுக்கு நச்சு அதிகம். பிஎச் 7இலிருந்து 8க்கு ஏறினால் அதன் நச்சுப் பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகும். மிஞ்சிய தீனி அழுகும் தொட்டியில் அது புண்ணையும் செவுளையும் அரித்துக்கொண்டே இருக்கும். எந்த மருந்தும் அதை ஈடுகட்டாது. அதனால் முதல் வைத்தியம், தீனியைக் குறைத்து, ஒன்றுவிட்ட ஒரு நாள் கால்வாசித் தண்ணீரை மாற்றுவது. குழாய்நீரில் குளோரின் இருக்கும். நீக்கும் திரவம் கலந்தபின் ஊற்றுங்கள்.

அடுத்தது உப்பு. லீற்றருக்கு 1 முதல் 3 கிராம் சாதாரண உப்பைக் கரைத்து மெதுவாகச் சேர்த்தால் உள்ளே ஏறும் நீர் குறையும், படலம் தன்பாட்டில் ஆறும். ஆவியாகிப் போன நீருக்கு வெறும் தண்ணீரே விடவேண்டும், ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை. ஏற்கனவே உவரான கிணற்றில் உப்பு எதற்கு என்று ஒருவர் கேட்டால் அது சரியான கேள்விதான். நாக்கில் உவர்ப்புத் தட்டினால் போடவே வேண்டாம். கடல் பக்கத்தில் இருக்க உப்பை ஏன் வாங்குவான் என்ற யோசனையும் எழும். கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, கணக்குச் சுலபம். ஆனால் அதோடு கடலின் கிருமிகளும் தொட்டிக்கு வரும். உப்பளத்து உப்பு மலிவு, அதை வாங்கிப் போடுவதே புத்தி.

கிருமி தொற்றினால் உப்பு என்ன செய்யும் என்பது கனமான ஆட்சேபணை. கண் பிதுங்கல், இரத்தக் கசிவு, பஞ்சு போன்ற பூஞ்சணம், தீனி எடுக்காமை இவற்றில் ஒன்று தென்பட்டால் உப்பை நம்பிக் காத்திருக்கக் கூடாது. மிருக வைத்தியரைக் கேட்டு, தனித் தொட்டியில் நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கத்தான் வேண்டும். பெரிய தொட்டியில் கொட்டினால், அமோனியாவைத் தின்று மீனைக் காக்கும் பக்டீரியாவும் சேர்ந்து சாகும். மனிதருக்கான சொட்டு மருந்தைத் தொட்டியில் விடுவது வீண். அத்தனை லீற்றரில் அது எங்கே நிற்கும்? மேற்படலக் கீறல் மட்டுமானால் சில நாளில் தெளிவு திரும்பும். உள்ளே உள்ள வில்லை சிதைந்திருந்தால் அந்தக் கண் போனதுதான். ஆனாலும் மீன் சாகாது. விலாப்புற உணர்கோட்டால் நீரின் அசைவை அறிந்து நீந்தும். தீனியை நல்ல கண் இருக்கும் பக்கமாகப் போட்டு, முரட்டு மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றினால் போதும்.