நடந்தபோது கண்ட பரிஸ்

பரிஸில் வாழும் எம்மவர்களிடம் இந்நகரைப் பற்றிக் கேட்டால், மெற்றோ நிலையங்களின் பெயர்களையே வரிசையாகச் சொல்வார்கள். நாமும் அவ்வாறே இருந்தோம். லாச்சப்பலில் வீடு, சென் ஜெர்மன் பகுதியில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. கார் து நோர் நிலையத்தில் நான்காம் இலக்க மெற்றோவில் ஏறினால் வேலைத்தலத்தின் அருகே இறங்கலாம். இடைப்பட்ட நகரம் எமக்கு இருண்ட சுரங்கமாகவே இருந்தது. யாழ்ப்பாணத்தில் மாணவருக்கு உலக வரலாறு கற்பித்த எமக்கு இது வெட்கந்தரும் நிலைதான்.

2019 டிசம்பர் 5ஆம் நாள், ஓய்வூதியச் சீர்திருத்தத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் தொடங்கியது. பெரும்பாலான மெற்றோ வழிகள் முடங்கின. அந்நாட்களில் ஒருநாள், காலை இருளில் ஒரு மணிநேரத்துக்கு மேலாக நடந்து வேலைக்குச் சென்றோம். ஆட்கள் வரமாட்டார்கள் என்று கூறி முதலாளி எம்மைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒருநாட் சம்பளம் போயிற்று. ஒரு முழுநாள் கையில் மிஞ்சியது.

மனத்தில் வேறொரு பாரமும் இருந்தது. "அப்பா, இந்த ஊரில ஆருக்குத் தமிழ் வேணும்? நான் ஏன் சனிக்கிழமையில படிக்கவேணும்?" என்று பன்னிரண்டு வயது மகள் முதல்நாள் இரவு கேட்டிருந்தாள். ஆசிரியராயிருந்த எமக்குப் பதில் வரவில்லை.

கால்போன போக்கில் செய்ன் நதியை நோக்கி நடந்தோம். லீல் வீதியின் தொடக்கத்தில், இரண்டாம் இலக்கக் கட்டடத்தின் பெயரைப் படித்ததும் நின்றுவிட்டோம். கீழைத்தேய மொழிகளைக் கற்பிப்பதற்காக 1795இல் நிறுவப்பட்ட கல்லூரியின் பழைய இல்லம் அது. பல்கலைக்கழக நாட்களில் கேள்விப்பட்ட ஜூலியன் வின்சோன் என்ற பெயர் நினைவுக்கு வந்தது. காரைக்காலில் வளர்ந்து தமிழ் கற்ற பிரெஞ்சுக்காரர் அவர். அக்கல்லூரியிலே பிரெஞ்சு மாணவருக்குப் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்தார். 1903இல் அவர்களுக்கென ஒரு தமிழ்க் கைந்நூலும் வெளியிட்டார். நாம் கோப்பை கழுவும் இடத்திலிருந்து சில தெருக்களே தள்ளித் தமிழ் ஒலித்திருக்கிறது. அதை அறியாமல் எத்தனை ஆண்டுகள் நிலத்தின் கீழே போய்வந்தோம்!

பாலத்தைக் கடந்து, லூவர் முற்றத்தின் ஊடாக ரிஷெலியூ வீதிக்கு வந்தோம். அங்கே தேசிய நூலகத்தின் பழைய மாளிகை நிற்கிறது. அந்நூலகத்தின் சேகரிப்பில் நூற்றுக்கணக்கான தமிழ்ச் சுவடிகள் உள்ளன. புதுச்சேரியில் அதிகாரியாயிருந்து 1854இல் அங்கேயே மறைந்த எதுவார் ஆரியேல் திரட்டியவை அவற்றுட் பல. குறளின் சில பகுதிகளைப் பிரெஞ்சில் பெயர்த்தவரும் அவரே.

அம்மதிலருகே நின்றபோது 1981ஆம் ஆண்டு கண்முன் வந்தது. யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது நாம் சிறுவர். சுமார் 97,000 நூல்களும், அவற்றோடு ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அன்று காற்றில் பறந்துவந்த கருகிய தாள்களை எம்மூரார் பொறுக்கி வைத்திருந்தனர். எமது மண்ணில் எரிந்தவை மீளப்போவதில்லை. ஆயினும் அந்நிய நாடொன்றில் எமது ஏடுகள் பூச்சி அரிக்காமல் உறங்குகின்றன என்ற எண்ணம், துக்கத்தையும் ஆறுதலையும் ஒருசேரத் தந்தது.

பொழுது சாயும் வேளையில், 1672இல் பதினான்காம் லூயி மன்னனின் வெற்றிகளுக்காக எழுப்பப்பட்ட சென் தெனி வாயிலை அடைந்தோம். அங்கிருந்து ஒரே வீதி எம்மை லாச்சப்பலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. மரக்கறிக் கடைகளின் முன்னே முருங்கைக்காயும் வாழைப்பூவும் கிடந்தன. காலையில் விட்டுச்சென்ற அதே தெருதான். ஆனால் அது நகரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட தெருவாக எமக்கு இப்போது தோன்றவில்லை.

மறுவாரம் மகளை அழைத்துச்சென்று லீல் வீதிக் கட்டடத்தைக் காட்டினோம். சற்றுநேரம் பேசாமல் பார்த்தாள். பின்னர், "அப்ப வெள்ளைக்காரர் காசு குடுத்துப் படிச்சவையோ? அவைக்கும் 'ழ' வராமல் இருந்திருக்கும்" என்று சிரித்தாள். நாமும் சிரித்தோம்.

அக்கல்லூரியின் வகுப்புகள் இன்று 13ஆம் வட்டாரத்தில் நடைபெறுகின்றன. அங்கே தமிழும் கற்பிக்கப்படுகிறது. ரிஷெலியூ மாளிகை திருத்தவேலைகள் முடிந்து 2022இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. பெற்றோரே, மெற்றோ ஓடும் நாளிலும் ஒருமுறை மேலே ஏறி, பிள்ளைகளின் கையைப் பிடித்து நடந்து பாருங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு நாம் சொல்லத் தவறிய பதில் ஏதேனும் ஒரு தெருமுனையில் காத்திருக்கக்கூடும்.