கடுக்காயும் துருப்பிடித்த ஆணியும்

பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே கல்வி கற்கும் பிள்ளைகளும் நம் நாட்டில் உண்டு. அவர்களுக்கு அறிவியலை முறையான பாடமாக எந்த வயதில் தொடங்குவது? மாணவ நண்பர்களே, இது பெற்றோருக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. வீட்டில் தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லித் தருபவர்கள் பெரும்பாலும் நீங்கள்தானே!

வங்கக் கவி ரவீந்திரநாத் தாகூர் பள்ளியில் நிலைக்கவில்லை. பெரும்பாலும் வீட்டிலேயே படித்தார். சீதாநாத் தத்தர் என்னும் ஆசிரியர் கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீரோடு மரத்தூளைக் கலந்து சூடாக்கினார். சூடான நீர் மேலேறுவதும் குளிர்ந்த நீர் கீழிறங்குவதும் கண்ணுக்குத் தெரிந்தன. ஐம்பது வயதையொட்டி எழுதிய தன்வரலாற்றிலும் தாகூர் அந்த வியப்பை மறக்கவில்லை. 1873-இல் இமயமலையில் தந்தை அவருக்கு விண்மீன்களைக் காட்டினார். 1937-இல் அவரே 'விஸ்வ பரிசயம்' என்ற அறிவியல் நூலை எழுதி, இயற்பியலறிஞர் சத்தியேந்திரநாத் போஸுக்குக் காணிக்கையாக்கினார்.

ஆகவே, முதலில் காட்சி, பிறகுதான் சூத்திரம். இதை நம் ஊர்ப் பொருளைக் கொண்டே செய்து பார்க்கலாம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதி தோல் பதனிடுதலுக்குப் பெயர் பெற்றது. இன்று குரோமியம் உப்பே மிகுதியாகப் பயன்பட்டாலும், ஆவாரம் பட்டையும் கடுக்காயும் பழைய பதனிடு பொருள்கள்.

கடுக்காய்த் தோலைப் பொடித்து வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். அதில் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டு வையுங்கள். நீர் மெல்ல மெல்லக் கருக்கும். (இதைக் குடிக்கக் கூடாது.)

ஏழு வயதுத் தங்கைக்கு இந்தக் கருப்பே போதும், விளக்கம் வேண்டாம். ஒன்பது வயதில், "தேயிலை நீரும் கருக்குமா?" என்று அவளே கேட்பாள். செய்து பார்க்க விடுங்கள், அதுவும் கருக்கும். பதினொன்று, பன்னிரண்டு வயதில் கேள்வி மாறும்: "எத்தனை நிமிடத்தில்? சூடாக இருந்தால் விரைவாகக் கருக்குமா?" இப்போது கடிகாரமும் அளவுக் குவளையும் குறிப்பேடும் வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைக்க வேண்டும். முறையான அறிவியலின் வாசல் இதுவே. கடுக்காயிலுள்ள டானின் இரும்புடன் சேர்ந்து கரிய சேர்மம் ஆகிறது என்பதும், அதே டானின் தோலின் புரதத்துடன் பிணைந்து அதை அழுகாமல் காக்கிறது என்பதும் அப்போது தாமே மனத்தில் பதியும்.

இந்த வாசலுக்கு முன்பே சூத்திரங்களைத் திணித்தால், பிள்ளை சொற்களை மனப்பாடம் செய்யும்; பொருளை அறியாது. வெகுவாகத் தாமதித்தாலும் தீங்கே. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அதன்பின் மேல்நிலையில் இயற்பியலோ வேதியியலோ படிக்க, அளவிடவும் கணக்கிடவும் பழகிய கை வேண்டும். அந்தப் பழக்கம் ஒரே ஆண்டில் வந்துவிடாது.

ஆகவே வயதை மட்டும் எண்ணிக்கொண்டிராதீர்கள். "ஏன்?" என்று கேட்டுவந்த பிள்ளை "எவ்வளவு?" என்று கேட்கும் நாளில், அதன் கையில் ஓர் அளவுகோலைக் கொடுங்கள்.