ஆர்டுயினோ நானோ: பிரெட்போர்டில் அமரும் கணினி

குனிந்து பாருங்கள். நீளம் 45 மி.மீ., அகலம் 18 மி.மீ., எடை சுமார் 7 கிராம். நடுவே சாய்சதுரமாகப் பதிந்திருக்கும் கறுப்புச் சில்லு ஏடிமெகா328. நொடிக்கு 1.6 கோடி துடிப்பு, நிரலுக்கு 32 கிலோபைட் இடம். ஒரு செடிக்குத் தண்ணீர் விடவும் சிறு ரோபோவை நடத்தவும் இது தாராளம்.

இத்தாலியின் இவ்ரேயா நகரில், வடிவமைப்பு மாணவர்களுக்காக 2005இல் பிறந்தது ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை. அதன் பெரிய பலகைகளைப் பக்கத்தில் வைத்து, கம்பி இழுத்துத்தான் பிரெட்போர்டோடு, அதாவது கம்பிகளைச் செருகும் துளைப்பலகையோடு, இணைக்க வேண்டும். 2008இல் வந்த நானோ பிரெட்போர்டின் மேலேயே ஏறி உட்கார்ந்தது.

அந்தச் சாமர்த்தியம் கால்களில் இருக்கிறது. இரு வரிசையில் 30 கால்கள். அடுத்தடுத்த கால்களுக்கு இடையே 2.54 மி.மீ., அதாவது பிரெட்போர்டுத் துளைகளின் அதே இடைவெளி. நடுப்பள்ளத்தின் குறுக்கே அழுத்தினால், ஒவ்வொரு காலுக்கும் ஒரு பக்கம் 2, மறுபக்கம் 3 துளைகள் மிஞ்சும். சால்டர் வேண்டாம், தப்பாகச் செருகிய கம்பியைப் பிடுங்கி மறுபடி செருகலாம். கற்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

பலகையில் 'எல்' என்ற எழுத்தருகே மினுங்கும் எல்இடி 13ஆம் எண் இணைப்போடு சேர்ந்தது. ஒரு நொடி எரியும், ஒரு நொடி அணையும். இப்படி மினுங்க வைப்பதுதான் பலரும் எழுதிப் பார்க்கும் முதல் நிரல்.