கடல் இருந்த மண் – காலுக்கு ஏற்ற பூட்ஸ், பூட்ஸுக்கு ஏற்ற ஃபின்

போன வாரம், குளிர்நீரில் முக்குளிப்போர் அணியும் டிரை சூட்டின் கழுத்துப் பட்டையோடு நிறுத்தினோம். உள்ளே கம்பளி உடுப்பு, வெளியே தண்ணீர் புகாத உறை, இரண்டுக்கும் நடுவே காற்று. தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு இது நினைவிருக்கும். இந்த வாரம் காலைப் பற்றியும் வால்வைப் பற்றியும் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். காலிலிருந்து தொடங்குவோம், வால்வு அடுத்த வாரம். அதற்கு முன்னால், நல்ல துடுப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க, காரைக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் இருக்கிறது காரை. சாத்தனூர் கல்மரத்தைப் பார்க்க வருகிறவர்களில் பலர் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. செம்மண்ணும் மஞ்சள் களிமண்ணும் மழையில் அரிபட்டு, ஓடை ஓடையாகப் பிளந்து கிடக்கும் பொட்டல் அது. வெயிலில் ஜிப்சத் தகடுகள் மினுங்கும். குனிந்து தேடினால் விரல் நீளத்தில், ஒரு முனை கூர்ந்த உருண்டைக் கற்கள் அகப்படும். அவை பெலம்னைட்டுகள், கணவாய்க்கு உறவான உயிரினத்தின் உள் ஓட்டுப் பகுதி. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இது கடலடி.

அந்தக் கடலில் இக்தியோசார்கள் நீந்தின. டைனோசார் காலத்துக் கடல் ஊர்வன அவை. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் பாறைகளில் கிடைத்த முள்ளெலும்புகளை வைத்து, 1879-ல் ரிச்சர்ட் லிடெக்கர் அவற்றுக்கு இக்தியோசாரஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்தார். பின்னாளில் காரைப் பாறைகளிலிருந்து பற்களும் கிடைத்தன. இவை பிளாட்டிப்டெரிஜியஸ் வகையைச் சேர்ந்தவையாகவோ அதற்கு நெருங்கியவையாகவோ இருக்கும் என்பது இன்றைய கணிப்பு.

இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருந்தது இக்தியோசாரின் துடுப்புதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே வகையின் எலும்புகள் நன்றாகவே கிடைத்திருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் அது அகலமான ஒரு மட்டை. உள்ளே இருப்பதோ கை! தோள் பக்கம் குட்டையான ஒரு மேற்கை எலும்பு. அதற்கு அப்புறம் மணிக்கட்டு எது, உள்ளங்கை எது, விரல் எது என்று பிரிக்க முடியாதபடி, தளத்தில் ஓடு பதித்ததுபோல நெருக்கி அடுக்கிய சிறு எலும்புகள். நம் விரலில் மூன்று எலும்பு, கட்டை விரலில் இரண்டு. இக்தியோசாரில் ஒரே விரலுக்கு இருபதைத் தாண்டியும் போகும். விரல்களும் ஐந்தோடு நிற்கவில்லை. பக்கத்தில் புது வரிசைகள் முளைத்தன. எல்லாவற்றையும் ஒரே தோல் போர்த்தி மூடியது. கைக்கும் துடுப்புக்கும் நடுவே இடைவெளியே கிடையாது. தசை கொடுக்கும் விசை சிந்தாமல் சிதறாமல் தண்ணீரில் போய் இறங்கும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இக்தியோசாரை முன்னே தள்ளியது வால். துடுப்புகளின் வேலை, திரும்புவதும் உடம்பைச் சாயாமல் வைப்பதும். மனிதனுக்கு வால் கிடையாது. தண்ணீருக்குள் அவனுடைய இரண்டு காலும்தான் வால் வேலையைப் பார்க்க வேண்டும். தொடையில் பிறக்கும் விசை கணுக்கால் வழியாக, காலுறை வழியாக, பூட்ஸ் வழியாக, காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னுக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் எங்கே தொளதொளப்பு இருந்தாலும் அந்த விசை வீண்.

இதைச் சிறுவயதிலேயே கவனித்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். பாஸ்டனில் சிறுவனாக இருந்தபோது ஓவியர்களின் வண்ணப்பலகை மாதிரி இரண்டு மரப்பலகைகள் செய்தார். 10 அங்குல நீளம், 6 அங்குல அகலம், கட்டைவிரல் நுழைய ஓட்டை. வேகமாக நீந்த முடிந்தது, ஆனால் மணிக்கட்டு வலித்தது. உள்ளங்காலிலும் ஒருவகைச் செருப்பைக் கட்டிப் பார்த்தார். திருப்தி இல்லை. தண்ணீரை உதைப்பதில் பாதத்தின் உள்பக்கத்துக்கும் கணுக்காலுக்கும் பங்கு உண்டு, உள்ளங்கால் மட்டும் அல்ல என்று பிற்பாடு எழுதினார். 1933-ல் பிரான்சின் லூயி து கோர்லியூ ரப்பர் ஃபின்னுக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் ஓவன் சர்ச்சில் பின்னர் வாங்கினார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்போர் போட்டுக்கொண்டது சர்ச்சில் ஃபின்தான்.

நம் கரையிலும் இந்த அறிவு உண்டு. தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கிறவர்கள் அலுமினியத் தகட்டைப் பாதத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். பாம்பன், ராமேசுவரம் பகுதியில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமலிருக்க ரப்பர் செருப்போடு இறங்குவார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி 2015-ல் சீகாலஜி விருது பெற்றார். மன்னார் வளைகுடாவில் தண்ணீர் பெரும்பாலும் 26 முதல் 30 டிகிரி. காலுக்குப் பெரிய உடுப்பு எதுவும் தேவையில்லை.

குளிர்நாட்டில் கதை வேறு. ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் ஆண்டு முழுவதும் தண்ணீர் 2 முதல் 4 டிகிரிதான். உடம்பின் சூட்டைத் தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். அதனால்தான் டிரை சூட். நார்வேயிலும் கனடாவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் டைவிங் கற்றுக்கொள்ளப் போனால் முதலில் தடுக்குவது இங்கேதான். கம்பளிக் காலுறை, அதன்மேல் சூட்டின் பாதம், அதன்மேல் கனமான அடிப்பாகம் உள்ள பூட்ஸ். ஊரில் 8-ம் நம்பர் செருப்பு போட்டவருக்கு இப்போது எக்ஸ்எல் ஃபின்கூட நுழையாமல் போகலாம்.

டிரை சூட்டில் பாதம் இரண்டு விதமாக வரும். ஒன்றில் ரப்பர் பூட்ஸ் சூட்டோடேயே ஒட்டியிருக்கும். இன்னொன்றில் சூட் ஒரு மெல்லிய காலுறையாக முடியும். அதன்மேல் கயிறு கட்டும் தனி பூட்ஸ் மாட்ட வேண்டும். இரண்டாவது வகையில் அடிப்பாகம் தடித்தும் விறைத்தும் இருக்கும். ஃபின்னின் பாதக்கூட்டில் நீளம் போதும், ஆனால் உயரம் போதாது என்ற சிக்கல் வருவது இதில்தான். புறங்கால் மேட்டில் ஃபின் கடிக்கும். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து, கதகதப்பாக இருக்க வேண்டிய கால் மரத்துப்போகும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். தளர்வாக விட்டால் பூட்ஸ் உள்ளே ஆடும், பட்டை நழுவும், ஃபின்னே கழன்று போகும். ஒரு ஃபின்னோடு நீரோட்டத்தை எதிர்ப்பது பெரும் பாடு. ஒரு நிறுவனத்தின் எல் அளவு இன்னொன்றின் எக்ஸ்எல்லுக்குச் சமமாக இருக்கும். ஆகவே அட்டையில் அச்சிட்ட எழுத்தை நம்பி வாங்கக்கூடாது.

கடையில் செய்ய வேண்டியது இதுதான். கம்பளிக் காலுறை, சூட், பூட்ஸ் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு உட்காருங்கள். பூட்ஸின் அடியில் கொஞ்சம் தண்ணீர் தடவி ஃபின்னுக்குள் செலுத்துங்கள். பூட்ஸின் மூக்கு கூட்டின் முன் முனை வரை போக வேண்டும், ஆனால் விரல் நசுங்கக்கூடாது. குதிகால் கூட்டின் பின்விளிம்பில் அமர வேண்டும். பட்டையை மாட்டி, காலைத் தூக்கி, பக்கவாட்டில் உதறுங்கள். ஃபின் காலோடு சேர்ந்தே அசைய வேண்டும். தனியாக ஆடினால் அளவு தப்பு. பூட்ஸின் குதிகாலில் பட்டை நழுவாமல் தாங்கும் ஒரு மேடு இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். கொக்கி வைத்த ரப்பர் பட்டைக்குப் பதில் ஸ்பிரிங் பட்டை இருந்தால் தடித்த கையுறையோடும் மாட்டிவிடலாம். டிரை சூட் போடுகிறவர்கள் பலர் 1960-களில் வந்த ஜெட் ஃபின்னையும் அந்த வடிவத்தையொட்டி வந்தவற்றையும் இன்றும் தேடுவதற்கு இரண்டு காரணம்: அதன் கூடு அகலம், கனத்த ரப்பர் ஆனதால் தண்ணீரில் மூழ்கும்.

ஃபின் மூழ்குவதில் என்ன நன்மை என்று கேட்பீர்கள். சூட்டுக்குள் இருக்கும் காற்று காலுக்கு ஏறினால் ஆள் தலைகீழாக மேலே போய்விடுவார். ஃபின்னின் கனம் காலைக் கீழே இருத்த உதவும். சூட்டிலிருந்து காற்றை வெளியேற்றும் வால்வைப் பற்றி அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

அதுவரை ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஃபின்னை முதலில் வாங்காதீர்கள். முதலில் சூட், பிறகு பூட்ஸ், அந்த பூட்ஸைப் போட்டுப் பார்த்த பிறகே ஃபின். வெளிநாட்டில் டைவிங் கற்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள்.