ஊர் வந்ததும் முதல் சிற்றுண்டி

கோடை விடுமுறை தொடங்கியதும் தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல சொந்த ஊருக்குப் புறப்படுகின்றன. தில்லியிலிருந்து இரவில் கிளம்பும் தமிழ்நாடு விரைவு வண்டி, இரண்டு இரவும் ஒரு பகலும் ஓடி, காலையில் சென்னையை அடைகிறது. ஆகவே, வந்து இறங்கும் குடும்பத்தினர் பலருக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் முதல் உணவு, ஓர் உணவகத்தின் காலைச் சிற்றுண்டியாகவே அமைகிறது. சிறுமை, உண்டி என்னும் இரு சொற்கள் சேர்ந்து சிற்றுண்டி ஆயிற்று. உண்டி என்றால் உணவு என்பது பொருள்.

உணவகத்தின் பெயர்ப்பலகையே முதல் பாடம். வட இந்திய நகரங்களில் 'ஹோட்டல்' என்றால் பெரும்பாலும் தங்கும் விடுதியைக் குறிக்கும். தமிழ்நாட்டிலோ நான்கு மேசைகள் மட்டுமே உள்ள சிறு கடையும் 'ஹோட்டல்' எனப்படும். அங்கே தங்குவதற்கு அறை இராது. 'உணவகம்', 'சிற்றுண்டிச் சாலை', 'மெஸ்', 'டிபன் சென்டர்' என்னும் பலகைகளையும் காணலாம். 'டிபன்' என்பது ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் வழங்கத் தொடங்கிய சொல். இன்று அது சிற்றுண்டியைக் குறிக்கும் தமிழ்ப் பேச்சுச் சொல்லாகவே ஆகிவிட்டது.

இருக்கையில் அமர்ந்ததும் பரிமாறுபவர் வந்து, இட்டலி, வடை, பொங்கல், பூரி, தோசை, ஊத்தப்பம் என்று ஒரே மூச்சில் அடுக்குவார். அவரை 'அண்ணா' என்றும், தென் மாவட்டங்களில் 'அண்ணே' என்றும், வயதில் மூத்தவராயின் 'ஐயா' என்றும் அழைப்பது வழக்கம். நூலில் 'இட்டலி' என்று எழுதப்படுவது பேச்சில் 'இட்லி' ஆகும். 'சாம்பார் ஊற்றுங்கள்' என்பது 'சாம்பார் ஊத்துங்க' ஆகும். எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் ஆகிய இரண்டும் பிழையற்றவையே. எதனை எங்கே பயன்படுத்துவது என்று அறிதல் வேண்டும்.

இட்டலி மென்மையாக இருப்பதற்குக் காரணம் என்ன? புழுங்கல் அரிசி ஏறத்தாழ நான்கு பங்கும், உளுத்தம்பருப்பு ஒரு பங்கும் தனித்தனியே ஊறவைத்து அரைக்கப்படுகின்றன. இரண்டையும் உப்புடன் கலந்து ஓர் இரவு வைத்தால், தானியத்தில் இயல்பாகவே உள்ள நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவை உண்டாக்கும் அமிலத்தால் மாவு புளிக்கிறது. அவை வெளியிடும் கரியமில வாயுவால் மாவு பொங்குகிறது. உளுந்தின் பசைத்தன்மை அந்த வாயுவை வெளியேற விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆவியில் வேகும்போது அதுவே இட்டலியில் சிறு சிறு துளைகளாக நிற்கிறது. இந்த நுண்ணுயிர்களுக்கு ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் வெப்பம் ஏற்றது. தில்லியில் சனவரி மாத இரவுகளில் வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. அங்குள்ள வீடுகளில் மாவுப் பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி வைப்பதன் காரணம் இதுவே. மதுரையில் மே மாதத்தில் அத்தகைய முயற்சி எதுவும் தேவையில்லை.

இட்டலிக்கு நெடிய வரலாறு உண்டு. கி.பி. 920 அளவில் தோன்றிய 'வட்டாராதனெ' என்னும் கன்னட நூலில் 'இட்டலிகெ' குறிப்பிடப்படுகிறது. அக்காலத்து இட்டலி உளுந்தால் மட்டுமே செய்யப்பட்டது. அரிசி பிற்காலத்தில் சேர்ந்தது. உணவை விற்கும் கடைகளோ அதனினும் பழமையானவை. சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சி, மதுரையின் இரவுக் கடைத்தெருவில் அடையும் மோதகமும் விற்றோரைப் பற்றிக் கூறுகிறது.

சிற்றுண்டியின் நிறைவாக வருவது காப்பி. இரண்டு அடுக்குள்ள வடிகட்டியின் மேலடுக்கில் காப்பித்தூளை இட்டு வெந்நீர் ஊற்றினால், கீழடுக்கில் சாறு துளித்துளியாக இறங்கும். இதனை 'டிகாக்ஷன்' என்பர். அதனுடன் சூடான பாலும் சர்க்கரையும் கலந்து, டம்ளரை டபராவில் வைத்துத் தருவர். டம்ளருக்கும் டபராவுக்கும் மாற்றி மாற்றி ஊற்றிச் சூட்டைத் தணிப்பதற்கு 'ஆற்றுதல்' என்று பெயர்.

இன்று யார் அருகிலும் யாரும் அமர்ந்து உண்கிறார்கள். முன்பு அவ்வாறு இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல உணவகங்களில் சாதியின் பெயரால் தனி இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. சிலருக்கு உள்ளே நுழையவும் அனுமதி இல்லை. 1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி எவரையும் பொது உணவகத்தில் நுழையவிடாமல் தடுத்தல் கூடாது என்கிறது. சென்னையில் பிறந்த குழந்தைக்கும் தில்லியில் பிறந்த குழந்தைக்கும் அந்த மேசையில் சம உரிமை உண்டு.

ஆயினும், வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளைகள் பலர் அந்த மேசையில் வாய் திறப்பதில்லை. வீட்டில் தமிழ் பேசுபவர்களும் அங்கே, 'என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களோ' என்று அஞ்சி, தந்தையின் காதில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ கூறுகிறார்கள்; தந்தை அதனைத் தமிழில் சொல்கிறார். இது சிறிய செயலாகத் தோன்றலாம். ஆனால், உணவகத்தில் பேசத் தயங்கும் பிள்ளை, மறுநாள் பாட்டியிடமும் பேசத் தயங்கும். பாட்டிக்கு வேறு மொழி தெரியாது எனில், இருவருக்கும் இடையே எஞ்சுவது புன்னகை மட்டுமே. மொழி ஏட்டில் மட்டும் வளர்வதில்லை. கேட்டும் பேசியும் பிழை திருத்தியுமே வளர்கிறது. 'அண்ணா, இரண்டு இட்லி, ஒரு வடை குடுங்க' என்று சொல்லும் பிள்ளைக்கு, பரிமாறுபவர் இட்டலியைத் தருவார். 'சட்னி போதுமா, தம்பி?' என்று தமிழிலேயே கேட்கவும் செய்வார். அதற்கு விடை சொல்லும்போது உரையாடல் தொடங்கிவிடுகிறது.

பயிற்சி

1. 'ஹோட்டல்' என்னும் சொல் நீங்கள் வாழும் ஊரிலும் தமிழ்நாட்டிலும் எப்பொருளில் வழங்குகிறது?
2. குளிர்காலத்தில் இட்டலி மாவு எளிதில் பொங்காதது ஏன்?
3. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு உணவகங்களைப் பற்றிக் கூறுவது யாது?
4. உணவகத்தில் பரிமாறுபவருடன் நீங்கள் பேசும் உரையாடலைப் பேச்சுத் தமிழில் ஐந்து வரிகளில் எழுதி, வகுப்பில் நடித்துக் காட்டுக.